ஒரே வீட்ல எல்லாருக்கும் கொரோனா, ஆனா பிளட் ரிப்போர்ட் மட்டும் ஏன் ஆளுக்கு ஒரு மாதிரி?

ஈரோட்டுக்காரன்:

வணக்கங்க. ரொம்ப நாளா மனசுல கெடக்கற ஒரு கேள்வி, இங்க டாக்டருங்களும் லேப்ல வேலை பாக்கறவங்களும் நெறைய இருக்கறதால கேக்கறேன். 2021 மே மாசம் ரெண்டாவது அலையில எங்க வீட்ல அத்தனை பேருக்கும் ஒரே வாரத்துல கொரோனா வந்துச்சுங்க. அப்பாவுக்கு அப்ப 71 வயசு, பிபி மாத்திரை மட்டும் சாப்பிடுவாரு. அம்மாவுக்கு 64, சுகர் இருக்கு. தம்பிக்கு 34, அவன் சம்சாரம் அப்ப எட்டாவது மாசம். அப்புறம் நானு, என் வீட்டம்மா, அஞ்சு வயசுப் பையன். வைரஸ் ஒண்ணுதான், ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்குத்தான் வந்திருக்கணும், ஆனா ரிப்போர்ட்ட எல்லாம் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லீங்க.

தம்பி சம்சாரத்துக்கு டி-டைமர் (ரத்தம் ஒறையறத வச்சுப் பாக்கற டெஸ்ட்) 1480, பக்கத்துல தடிச்ச எழுத்துல ஹைன்னு போட்டிருந்துச்சு, வெள்ளை அணு 13,200. அதப் பாத்துட்டு ராத்திரியோட ராத்திரியா பெட் தேடி அலைஞ்சோம், கடைசில ஒரு டாக்டரம்மா பாத்துட்டு, இது பரவால்ல, சிஆர்பி (அழற்சியக் காட்டற டெஸ்ட்) கம்மியா இருக்கு, ஆக்சிஜன் 98 இருக்கு, வீட்லயே வச்சுப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டாங்க. அப்பாவுக்கு டி-டைமர் 690, அவருக்கும் ஹைதான், ஆனா ஒரு நாள் கூட அவருக்கு மூச்சு வாங்கல. அம்மாவுக்கு மொத ரிப்போர்ட்ல வெள்ளை அணு 4,900, பாக்க ரொம்ப நார்மலு, ஆனா அவங்கதான் ஆக்சிஜன் வைக்கற அளவுக்குப் போனாங்க, ஆஸ்பத்திரில டெக்ஸாங்கற ஸ்டீராய்டு ஊசி ஆரம்பிச்சதும் வெள்ளை அணு 14,800க்குப் போச்சு, சுகர் 380. தம்பிக்கு மொதல்ல டி-டைமர் 0.42, மூணு நாள் கழிச்சு வேற லேப்ல எடுத்தப்ப 310, ஐநூறுக்குக் கீழ இருந்தா நார்மல்னு எல்லாரும் சொன்னதால அதப் பத்தி யாரும் யோசிக்கல. என் வீட்டம்மாவுக்கு இரும்புச்சத்து இருப்பக் காட்டற ஃபெரிட்டின் 95, ரேஞ்சுக்குள்ளதான் இருந்துச்சு, ஆனா டாக்டரு அந்த ஒரு நம்பரத்தான் ரெண்டு தடவ பாத்தாரு, ஏன்னு கேக்க அப்ப நேரம் இல்லீங்க.

நார்மல்னு போட்டவங்க கஷ்டப்பட்டாங்க, ஹைன்னு போட்டவங்க நல்லா இருந்தாங்க. அப்ப அந்த ரேஞ்சு யாருக்காகப் போட்டது? வயசு, கர்ப்பம், சுகர் இதுக்கெல்லாம் தனித்தனியா பாக்கணுமா? அடுத்த தடவ வீட்ல யாருக்காவது காய்ச்சல்னா பயப்படாம ரிப்போர்ட்ட படிக்கத் தெரிஞ்சுக்கணும், அதான்.

நீலமூடி:

அண்ணா, நான் சென்னைல ஒரு லேப்ல டெக்னீசியனா இருக்கேன், டாக்டர் இல்ல, அதனால நோயப் பத்திப் பேசல, நம்பரப் பத்தி மட்டும் சொல்றேன். மொதல்ல உங்க தம்பி ரிப்போர்ட்ட எடுங்க. 0.42ன்னு போட்ட ரிப்போர்ட்ல ரேஞ்சு 0.5க்குக் கீழன்னு இருக்கும், யூனிட் மைக்ரோகிராம் பர் எம்எல், பக்கத்துல எஃப்இயூன்னு மூணு எழுத்து இருக்கும். 310ன்னு போட்ட ரெண்டாவது ரிப்போர்ட்ல ரேஞ்சு என்ன போட்டிருக்குன்னு பாருங்க, 250க்குக் கீழன்னு இருந்தா அது டிடியூ கணக்கு. ஒரே பொருளை ரெண்டு விதமா எண்றாங்க, எஃப்இயூ நம்பர் டிடியூவ விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு வரும். அப்டின்னா மொத ரிசல்ட் 0.42ங்கறது நானோகிராம்ல 420, ரெண்டாவது ரிசல்ட் எஃப்இயூ கணக்குல 620 வாக்குல வருது. கொறையல, ஏறியிருக்கு. ஐநூறுங்கற அளவு எஃப்இயூவுக்குத்தான், டிடியூ ரிப்போர்ட்டுக்கு அதப் பொருத்தவே கூடாது. தம்பி நல்லபடியா வந்துட்டாருல்ல, அது போதும், ஆனா இதத் தெரிஞ்சு வச்சுக்கங்க, அந்த ரெண்டு மாசத்துல நான் பாத்த கொழப்பத்துல பாதி இந்த ஒரு விஷயத்துலதான்.

சிஆர்பியும் இதே கததான், ஒரு லேப் மில்லிகிராம் பர் லிட்டர்ல குடுக்கும், இன்னொண்ணு பர் டெசிலிட்டர்ல குடுக்கும், பத்து மடங்கு வித்தியாசம், 8ன்னு ஒரு ரிப்போர்ட்லயும் 80ன்னு இன்னொண்ணுலயும் இருந்தா ரெண்டும் ஒரே அளவா கூட இருக்கலாம். அதனால கூடுதா கொறையுதான்னு பாக்கணும்னா முடிஞ்சவரைக்கும் ஒரே லேப்ல எடுங்க.

ரேஞ்சு யாருக்காகன்னு கேட்டீங்க. ஆரோக்கியமா இருக்கற பெரியவங்க கொஞ்சம் பேர்கிட்ட ரத்தம் எடுத்து, அதுல நடுவுல இருக்கற 95 சதவீதம் பேரோட அளவத்தான் ரேஞ்சுன்னு வைக்கறாங்க. அதாவது நல்லா இருக்கறவங்கள்லயே நூத்துல அஞ்சு பேருக்கு ஹையோ லோவோ காட்டும். எங்க சாஃப்ட்வேர்ல வயசும் ஆண் பெண்ணும்தான் இருக்கும், பல இடத்துல கர்ப்பமான்னு ஒரு கட்டமே கிடையாது, உங்க தம்பி சம்சாரத்துக்கு அந்த ஹைய போட்டது மெஷின், அதுக்கு அவங்க எட்டு மாசம்னு தெரியாது.

இன்னொண்ணு, டி-டைமருக்கு எடுக்கற நீலமூடி டியூப்ல கோடு வரைக்கும் ரத்தம் நெறையணும், ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ரத்தம் ஒறையாம வைக்கற சிட்ரேட் ஒரு பங்கு, கொறச்சலா எடுத்தா கணக்கு மாறும். வீட்டுக்கு வந்து எடுத்துட்டு வெயில்ல ரொம்ப நேரம் சுத்தி வந்த சாம்பிள்ல செவப்பணு ஒடஞ்சிடும், ஒடஞ்சா எல்டிஹெச்ங்கற என்சைமும் பொட்டாசியமும் பொய்யா ஏறிக் காட்டும். எல்டிஹெச் மட்டும் தனியா எக்குத்தப்பா ஏறி மத்ததெல்லாம் சும்மா இருந்தா, சாம்பிள் ஹீமோலைஸ் ஆச்சான்னு லேப்ல ஒரு வார்த்த கேளுங்க, யாரும் கோச்சுக்க மாட்டோம்.

ராப்பணி டாக்டர்:

நல்ல கேள்வி தம்பி. நான் மதுரைப் பக்கம் அரசு ஆஸ்பத்திரில ஜெனரல் மெடிசின் பாக்குறேன், ரெண்டு அலையும் வார்டுலதான் போச்சு. அந்த நீலமூடி பொண்ணு சொன்னது அத்தனையும் சரி, அதுக்கு மேல நான் ஆளுகள வச்சு சொல்றேன்.

மொதல்ல அம்மா. வெள்ளை அணு 4,900 நார்மல்னு எழுதிருக்கீங்க, அந்த மொத்தத்த வச்சு கொரோனாவுல ஒண்ணும் சொல்ல முடியாது. கீழ டிஃபரென்ஷியல்னு வெள்ளை அணு வகைகளோட பங்கு இருக்கும், அதுல லிம்போசைட்ங்கற வகை எத்தன சதவீதம்னு பாத்து சொல்லுங்க. 2020 பிப்ரவரி கடைசில சீனாவுல இருந்து 1,099 நோயாளிகளோட கணக்கு வெளிவந்துச்சு, அதுல மொத்த வெள்ளை அணு கொறஞ்சது 33.7 சதவீதம் பேருக்குத்தான், ஆனா லிம்போசைட் 1,500க்குக் கீழ போனது 83.2 சதவீதம் பேருக்கு. மொத்தம் நார்மலா இருக்கும், உள்ள பங்கு மாறியிருக்கும், அதான் இந்த நோயோட குணம்.

அடுத்தது, எத்தனாவது நாள் எடுத்ததுங்கறது. வூஹான்ல ரெண்டு ஆஸ்பத்திரில சேந்த 191 பேர 2020 மார்ச்ல எழுதுனாங்க, அதுல 54 பேர் இறந்துட்டாங்க. பொழைச்சவங்களுக்கு லிம்போசைட் ஏழாவது நாள் வாக்குல அடிமட்டத்துக்குப் போய்ட்டு அப்புறம் ஏறுது, இறந்தவங்களுக்கு ஏறவே இல்ல, கடைசி வரைக்கும் கீழயே கெடந்துச்சு. சேரும்போதே டி-டைமர் 1 மைக்ரோகிராமுக்கு (1000 நானோகிராம்) மேல இருந்தவங்களுக்கு ஆபத்து பல மடங்கு அதிகம்னும் அதுலதான் வந்துச்சு, அதுக்கப்புறம்தான் ஊரெல்லாம் டி-டைமர் டி-டைமர்னு ஓட ஆரம்பிச்சது. ஆனா ஒண்ணு கவனிக்கணும், அது ஆஸ்பத்திரில சேந்த பெரியவங்களோட கணக்கு, அதக் கொண்டுவந்து வீட்ல படுத்திருக்கற கர்ப்பிணிக்குப் பொருத்துனா தப்பாத்தான் போகும்.

டி-டைமர்ங்கறது என்னன்னா, உடம்புக்குள்ள ஒறஞ்ச ரத்தம் கரையும்போது வர்ற துண்டு, சுவத்த இடிச்சா விழுற செங்கக்கட்டி மாதிரி, எங்கயோ இடிக்கறாங்கன்னு தெரியும், எந்தச் சுவருன்னு தெரியாது. கர்ப்பத்துல பிரசவ ரத்தப்போக்க தாங்கறதுக்காக உடம்பே ஒறையற தன்மைய கூட்டி வச்சுக்கும், அதனால கடைசி மூணு மாசத்துல கொரோனா இல்லாத பொண்ணுகளுக்கே 500ங்கற கோட்டத் தாண்டித்தான் இருக்கும், 1480ங்கறது எட்டாவது மாசத்துல தனியா நின்னா ஒண்ணும் சொல்லாது. வெள்ளை அணு 13,200ம் அப்படித்தான், கர்ப்பத்துல நியூட்ரோஃபில்ங்கற வெள்ளை அணு வகை தானா ஏறும். டாக்டரம்மா சிஆர்பியையும் ஆக்சிஜனையும் பாத்து முடிவு பண்ணது ரொம்ப சரி. இதுக்கு நேர்மாறா ஒண்ணு இருக்கு, அத நெறைய பேர் கோட்ட விட்டுருவாங்க. கர்ப்பிணிக்கு கிட்னியப் பாக்கற கிரியாட்டினின் சாதாரணமா 0.5, 0.6ன்னு எறங்கிடும், அப்ப ரிப்போர்ட்ல 1.0 வந்தா மெஷின் நார்மல்னு போடும், நான் போட மாட்டேன், அது அவங்களுக்கு ஏறுன அளவு. அதே மாதிரி கொரோனா வந்த கர்ப்பிணிக்கு ப்ளேட்லெட் கொறஞ்சு லிவர் என்சைம் ஏறுனா அது வைரஸா, இல்ல கர்ப்பத்துல பிபியோட வர்ற சிக்கலான்னு பிரிச்சுப் பாக்கணும், ரெண்டும் ரிப்போர்ட்ல ஒண்ணு போலவே இருக்கும், வைத்தியம் வேற வேற. 

அப்பாவுக்கு 690. அம்பது வயசுக்கு மேல டி-டைமர் வயசோட ஏறும். நுரையீரல்ல ரத்தக்கட்டி இருக்கான்னு பாக்கும்போது நாங்க வயச பத்தால பெருக்கி அதத்தான் கோடா வச்சுக்குவோம், 71 வயசுக்கு 710, எஃப்இயூ கணக்குல. இது கொரோனாவுக்குன்னு போட்ட கணக்கு இல்ல, ஆனா வயசு எவ்வளவு மாத்துதுன்னு அதுல தெரியும். வயசானவங்ககிட்ட நான் பயப்படறது வேற, அவங்களுக்கு காய்ச்சலே ஒழுங்கா அடிக்காது, சோந்து படுத்துக்குவாங்க, பேச்சு கொழறும், சாப்பாடு எறங்காது, அதுக்குள்ள ஆக்சிஜன் கொறஞ்சிருக்கும். ஒல்லியான பாட்டிகளுக்கு கிரியாட்டினின்னும் ஏமாத்தும், சதை இல்லாததால நம்பர் கம்மியாவே காட்டும், கிட்னி அப்படி நல்லா இருக்காது.

சுகர் இருக்கறவங்களுக்கு சிஆர்பி, ஃபெரிட்டின், டி-டைமர் மூணுமே சராசரியா மத்தவங்கள விட அதிகமா ஏறுது, அது பல நாட்டு ஆய்வுல வந்த விஷயம்தான். ஆனா அம்மாவுக்கு 14,800 போனது அதனால இல்ல, டெக்ஸாவால. ஸ்டீராய்டு போட்டா ரத்தக்கொழாய் சுவத்துல ஒட்டிட்டு இருக்கற நியூட்ரோஃபில் எல்லாம் ரத்தத்துக்குள்ள எறங்கி வந்துரும், லிம்போசைட் எறங்கிரும், சிஆர்பியும் எறங்கும், சுகர் எகிறும், அதுவும் காலைல வெறும் வயித்துல எடுத்தா ஓரளவு இருக்கும், சாப்பாட்டுக்கு அப்புறம் மத்தியானம் சாயங்காலம் பாத்தாத்தான் உண்மை தெரியும். ஸ்டீராய்டு ஆரம்பிச்சதுக்கப்புறம் நியூட்ரோஃபில், லிம்போசைட் விகிதத்த வச்சு நோய் முத்திருச்சுன்னு சொல்றது சரியில்ல. இங்கிலாந்துல ரிக்கவரிங்கற பேர்ல நடந்த ஆய்வு 2020 ஜூன்ல சொன்னது, டெக்ஸா 6 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவைப்படறவங்களுக்கு உயிரக் காப்பாத்துது, ஆக்சிஜன் தேவைப்படாதவங்களுக்கு பலன் இல்ல. அம்மாவுக்கு குடுத்தது சரிதான். ஆனா அந்த மே மாசத்துல வாட்ஸ்அப்ல வந்த மாத்திரை லிஸ்ட்ட பாத்து சாதா காய்ச்சல்லயே ஸ்டீராய்டு போட்டு, சுகர் எகிறி, அதுல கொஞ்சப் பேரு கருப்புப் பூஞ்சையோட வந்தாங்க பாருங்க, அதெல்லாம் இப்ப நெனச்சாலும் மனசு ஆறாது.

வீட்டம்மாவோட ஃபெரிட்டின். ஒரு கேள்வி, அவங்களுக்கு ரத்தசோகை உண்டா? இந்தியாவுல 15லருந்து 49 வயசுக்குள்ள பொம்பளைகள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்குன்னு தேசிய குடும்பநல சர்வே ஐந்தாவது சுத்துல வந்துச்சு. ஃபெரிட்டின் இரும்பு இருப்பயும் காட்டும், அழற்சி வந்தாலும் ஏறும். இரும்புச்சத்து கொறஞ்சவங்களுக்கு அது பத்து பன்னெண்டுதான் இருக்கும். அங்கருந்து 95க்கு வந்தா அது நார்மல் இல்ல, பல மடங்கு ஏறியிருக்கு. ஆம்பளைக்கு அடிப்படையிலயே ஃபெரிட்டின் அதிகம், ரேஞ்சே பல லேப்ல 400 வரைக்கும் போகும். ஒரே அழற்சி ரெண்டு பேருக்கும் வந்தாலும் புருசன் ரிப்போர்ட்ல ஹை வரும், பொண்டாட்டி ரிப்போர்ட்ல வராது. அந்த டாக்டர் பழைய ஹீமோகுளோபின் பாத்திருப்பாரு, அதான் ரெண்டு தடவ பாத்திருக்காரு.

கீரிமலை:

வணக்கம். நான் லண்டன்ல ஒரு ஆஸ்பத்திரி லாப்ல வேலை செய்யிறன், ரத்தப் பகுதி. டொக்டர் சொன்னதோட ஒண்டு சேர்க்கோணும் போல இருந்தது. இங்க எல்லா நாட்டுச் சனமும் வாறதால இந்த ரேஞ்ச் பிரச்சினை எங்களுக்கு ஒவ்வொரு நாளும் தான். ஆபிரிக்க வழி வந்த ஆக்களில கனபேருக்கு டஃபி எண்ட ஒரு மரபணு வித்தியாசத்தால நியூட்ரோபில் இயல்பாவே குறைவு, 1,200, 1,300 எண்டு வரும், அது அவைக்கு நோய் இல்லை, சுகமான ஆக்கள்தான். ஆனா கொரோனா நேரம் நியூட்ரோபிலையும் லிம்போசைட்டையும் பிரிச்சு வாற விகிதத்தை வச்சு ஆர் மோசமா போவினம் எண்டு பார்க்க வெளிக்கிட்டவை, அப்ப இந்த ஆக்களுக்கு அந்தக் கணக்கு குறைச்சுக் காட்டும் தானே. ஐரோப்பிய உடம்பை அளவுகோலா வச்ச ரேஞ்சை எல்லாருக்கும் போட்டா இப்பிடித்தான் வரும்.

இன்னொண்டு எங்கட ஆக்களுக்கே பட்டது. விரல்ல மாட்டுற ஆக்சிமீற்றர் கறுத்த தோலில கூடுதலாக் காட்டும். 2020 டிசம்பர்ல அமெரிக்காவில மிச்சிகன் ஆஸ்பத்திரிக் கணக்கு ஒண்டு வந்தது, மெஷின் 92லயிருந்து 96க்குள்ள நல்லாக் காட்டேக்க, நாடி ரத்தம் எடுத்துப் பார்த்தா உண்மையில 88க்குக் கீழ இருந்தது வெள்ளை ஆக்களில 3.6 சதவீதம், கறுப்பு இன ஆக்களில 11.7 சதவீதம். எங்களில கனபேர் நல்ல கறுப்பு. அதால 94 எண்டு காட்டுது, பயமில்லை எண்டு இருக்காம, நடந்துபோட்டு வந்து திருப்பிப் பாருங்கோ, நேற்றையை விட இண்டைக்கு இறங்குதோ எண்டு பாருங்கோ, மூச்சு வாங்கினா மெஷின் என்ன காட்டினாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

திருச்சி மகள்:

டாக்டர் சார் சொன்ன அந்த பழைய ரிப்போர்ட் விஷயத்த நான் அனுபவத்துல சொல்றேன். எங்கப்பா டயாலிசிஸ் நோயாளி. அவருக்கு இரும்பு ஊசி போடறதால ஃபெரிட்டின் எப்பவுமே 700க்கு மேல, இதயப் பாதிப்பக் காட்டற ட்ரோபோனின் எப்பவுமே ரேஞ்சத் தாண்டித்தான், லிம்போசைட் எப்பவுமே கொஞ்சம் கம்மி, சிஆர்பி கூட சும்மா இருக்கும்போதே 10, 12ன்னு இருக்கும். கொரோனா பாசிட்டிவ்னு அவசரப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போனப்ப அங்க இருந்தவங்க இந்த நாலையும் பாத்துட்டு ஹார்ட் அட்டாக்குன்னு பயந்துட்டாங்க, அவங்க மேல தப்பு சொல்லல, முன்ன பின்ன தெரியாதவங்களுக்கு அப்படித்தான் தோணும். என் போன்ல பழைய ரிப்போர்ட் எல்லாம் போட்டோ எடுத்து வச்சிருந்தேன், அதக் காமிச்சதும் கிட்னி டாக்டர் மூணு மணி நேரம் கழிச்சு இன்னொரு ட்ரோபோனின் எடுக்கச் சொன்னார், ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஏறல, அப்பத்தான் எல்லாருக்கும் மூச்சே வந்துச்சு. கிட்னி நோயாளிங்களுக்கு ப்ரோகால்சிடோனினும் சும்மாவே ஏறி இருக்கும், அத மட்டும் வச்சு பாக்டீரியா இன்ஃபெக்சன்னு சொல்ல முடியாதுன்னும் அவர்தான் சொன்னார்.

அப்பாவோட டயாலிசிஸ் பண்ற ஒரு அண்ணன் அதுக்கப்புறம் கிட்னி மாத்திக்கிட்டார், அவர் எதிர்ப்பு சக்திய கொறைக்கற மாத்திரை சாப்பிடறதால கொரோனா வந்தப்ப ஆர்டி-பிசிஆர் வாரக்கணக்குல பாசிட்டிவாவே வந்துச்சு. வீட்ல இந்த மாதிரி யாராவது இருந்தா, நல்லா இருக்கற நாள்ல எடுத்த ரிப்போர்ட் ஒண்ணு கைல இருக்கட்டும், அதுதான் அவங்களோட ரேஞ்சு.

ஈரோட்டுக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இத்தன விவரமா யாரும் எனக்குச் சொன்னதில்ல. ஃபைல எடுத்துப் பாத்தேன். நீலமூடி தங்கச்சி சொன்ன மாதிரியே தம்பியோட ரெண்டாவது ரிப்போர்ட்ல 250க்குக் கீழன்னுதான் போட்டிருக்கு, டிடியூதான். அம்மாவுக்கு லிம்போசைட் 12 சதவீதம், காய்ச்சல் வந்த ஏழாவது நாள் எடுத்தது. வீட்டம்மாவுக்கு அதுக்கு முந்தின வருசம் ஹீமோகுளோபின் 9தாங்க, இரும்பு மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தா.

பையனோட ரிப்போர்ட்ல லிம்போசைட் 46 சதவீதம்னு போட்டு ஹைன்னு இருக்குங்க. எல்லாருக்கும் கொறையும்னா இவனுக்கு ஏன் ஏறிச்சு? இன்னொரு சந்தேகம், அந்த வருசம் கடைசில எங்க கம்பெனில எல்லாருக்கும் ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தாங்க, கொரோனா வந்ததே இல்லைன்னு சொன்ன ஒருத்தருக்கு உங்களுக்கு வந்துட்டுப் போயிருக்குன்னு ரிப்போர்ட் வந்துச்சு, அவரு கோவாக்சின் போட்டவரு. அது எப்படிங்க?

குழந்தைகள் வார்டு:

நான் குழந்தைகள் வார்டு ஸ்டாஃப் நர்ஸ். பையனுக்கு ஏறலைங்க சார், அது அவன் வயசுக்கு சரியான அளவு. சின்னக் குழந்தைகளுக்கு நியூட்ரோஃபில விட லிம்போசைட்தான் அதிகம் இருக்கும், ரெண்டு வயசுக் குழந்தைக்கு 60 சதவீதம் கூட சாதாரணம், நாலு அஞ்சு வயசு வாக்குல ரெண்டும் சமமாகி அப்புறம்தான் பெரியவங்க மாதிரி மாறும். உங்க லேப் 20லருந்து 40ன்னு பெரியவங்க ரேஞ்ச போட்டிருக்கு. கொரோனா வந்த பெரும்பாலான குழந்தைகளுக்கு பெரியவங்க அளவுக்கு லிம்போசைட் கொறையறதும் இல்ல, சிஆர்பி, டி-டைமரும் பெருசா ஏறறதில்ல.

ஆனா குழந்தைங்க விஷயத்துல ரிப்போர்ட் ரொம்ப முக்கியமாகறது ஒரு இடத்துல. 2020 ஏப்ரல்ல இங்கிலாந்துல மொதல்ல எச்சரிக்கை குடுத்தாங்க, கொரோனா வந்துட்டுப் போயி ரெண்டுலருந்து ஆறு வாரம் கழிச்சு சில குழந்தைங்களுக்கு விடாத காய்ச்சல், வயித்து வலி, வாந்தி, கண்ணு செவக்கறது, ஒடம்புல தடிப்புன்னு வருது, எம்ஐஎஸ்-சின்னு சொல்லுவோம். எங்க வார்டுலயும் ரெண்டாவது அலை முடிஞ்சு எல்லாரும் நிம்மதியா இருந்த ஜூன், ஜூலைலதான் இந்தக் குழந்தைங்க வர ஆரம்பிச்சாங்க. அப்ப பிசிஆர் எடுத்தா பெரும்பாலும் நெகட்டிவ்னு வரும், ஆன்டிபாடி பாசிட்டிவ். சிஆர்பி நூறத் தாண்டி நிக்கும், ஃபெரிட்டின், டி-டைமர் ஏறும், ப்ளேட்லெட், சோடியம், ஆல்புமின் எறங்கும், இதயத்துக்கான ட்ரோபோனின், பிஎன்பி ஏறும். வயித்து வலின்னு அப்பெண்டிக்ஸ்னு நெனச்சு வந்த குழந்தைங்க கூட உண்டு. அதனால வீட்ல கொரோனா வந்து ஒரு மாசம் வாக்குல குழந்தைக்கு மூணு நாளா காய்ச்சல்னா, போன மாசம் எங்க வீட்ல கொரோனா இருந்துச்சுன்னு டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க, அவங்க கேக்கறதுக்காகக் காத்திருக்காதீங்க. நேரத்துக்கு வந்தா நல்லா தேறிடுவாங்க.

நீலமூடி:

ஆன்டிபாடி கேள்விக்கு நான் சொல்றேன் அண்ணா. ரெண்டு விதமான ஆன்டிபாடி டெஸ்ட் இருக்கு. ரெண்டும் வைரஸோட வேற வேற புரதத்துக்கு எதிரானது, ஸ்பைக்னு ஒண்ணு, நியூக்ளியோகேப்சிட்னு ஒண்ணு. கோவிஷீல்ட்ல ஸ்பைக் மட்டும்தான் இருக்கு, அதனால கோவிஷீல்ட் போட்டவங்களுக்கு நியூக்ளியோகேப்சிட் ஆன்டிபாடி வந்தா நெசமாவே தொற்று வந்துட்டுப் போயிருக்குன்னு அர்த்தம். கோவாக்சின் முழு வைரஸையும் செயலிழக்க வச்சு செஞ்சது, அதுல ரெண்டும் இருக்கு, அதனால தடுப்பூசியாலயே அந்த ஆன்டிபாடி வரலாம். உங்க கம்பெனிக்காரர் சொன்னது உண்மையாவே இருக்கலாம், அந்த டெஸ்ட வச்சு அவருக்கு வந்துச்சா இல்லையான்னு பிரிக்க முடியாது. எந்த ஊசி போட்டீங்கன்னு கேக்காம அந்த டெஸ்ட்டுக்கு பதில் எழுதறது சரியில்ல.

ஈரோட்டுக்காரன்:

கடைசியா ஒண்ணுங்க டாக்டர். மழைக்காலம் வந்தா எங்க பக்கம் டெங்குவும் இருக்கு. இப்ப அம்மாவுக்கு காய்ச்சல் வந்தா என்னென்ன டெஸ்ட் எடுக்கறது? எல்லாத்தையும் சேத்து பேக்கேஜ்னு ஒண்ணு விளம்பரம் வருது.

ராப்பணி டாக்டர்:

அம்மாவோட 4,900ல 12 சதவீதம்னா 588 லிம்போசைட், தம்பி. நார்மல்னு நெனச்ச அந்த ரிப்போர்ட்லயே விஷயம் இருந்திருக்கு, 1,500க்கு மேல இருக்க வேண்டியது. சதவீதத்த மொத்தத்தோட பெருக்கி பாக்கற பழக்கம் இருந்தா போதும்.

பேக்கேஜ் வேணாம். ஆக்சிஜன் நல்லா இருந்து, மூச்சு வாங்கலன்னா ஃபெரிட்டின், ஐஎல்-6ங்கற அழற்சி டெஸ்ட், டி-டைமர் எதுவும் தேவையில்ல, எடுத்தா பயம்தான் மிஞ்சும். வூஹான் நம்பரெல்லாம் தடுப்பூசி இல்லாத, இந்த வைரஸ மொத மொதல்ல பாத்த ஒடம்புகளோடது, இப்ப ரெண்டு மூணு ஊசி போட்டு ஏற்கனவே வந்து போனவங்களுக்கு பெரும்பாலும் அந்த அளவு ஏறறதில்ல. அம்மாவுக்கு நான் எடுக்கச் சொல்றது முழு ரத்த எண்ணிக்கை டிஃபரென்ஷியலோட, சாப்பாட்டுக்கு முன்னயும் பின்னயும் சுகர், கிரியாட்டினின். மழைக்காலம்னா மொத அஞ்சு நாளுக்குள்ள டெங்கு என்எஸ்1 டெஸ்ட்டும் சேத்துக்கங்க. டெங்கு, கொரோனா ரெண்டுலயும் வெள்ளை அணு எறங்கலாம், அதனால வெள்ளை அணுவ வச்சு பிரிக்க முடியாது. டெங்குல ப்ளேட்லெட் நாலாவது அஞ்சாவது நாள்ல வேகமா சரியும், ஹீமட்டோக்ரிட் (ரத்தத்துல செவப்பணுவோட பங்கு) ஏறும், கொரோனாவுல அந்தளவு சரிவு பெரும்பாலும் இருக்காது. டெங்கு முடியற வரைக்கும் ஆஸ்பிரின், புரூஃபென் பக்கம் போக வேணாம், பாராசிட்டமால் மட்டும். அப்பா ஏற்கனவே ஆஸ்பிரின் சாப்பிடறவரா இருந்தா அத நீங்களா நிறுத்தாம டாக்டர்கிட்ட கேளுங்க. காய்ச்சல் விட்டதுக்கு அப்புறம் வர்ற ரெண்டு நாள்தான் டெங்குல ஆபத்து, கொரோனாவுல ஏழாவது நாளுக்கு மேல. அதனால ரிப்போர்ட் எடுத்த தேதியோட காய்ச்சல் ஆரம்பிச்ச தேதியையும் பேனாவுல மேல எழுதி வச்சுட்டு எங்ககிட்ட கொண்டாங்க, நாங்க மொதல்ல தேடறது அதத்தான்.